புதுக்கோழி கூட்டுக்குப் பழக: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி வளர்க்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. கோழி வளர்ப்பு பற்றி நம் ஊரில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் சமவெளியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே வெயில்தான் பெரிய கவலை. மலையில் ஈரம், பனி, காட்டு விலங்கு. கோழி செத்துப்போனதாக வருத்தத்தோடு சொல்கிறவர்களை விசாரித்தால், வாங்கி வந்த முதல் மாதத்திலேயே அது நடந்திருப்பது தெரியவரும். அதனால் அந்த முதல் மாதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எந்த வயதுக் கோழியை வாங்குவது?

நாலைந்து மாத வெடைக்கோழி. இனிமேல்தான் முட்டை வைக்கப்போகிறது என்ற பருவம். ஒரு நாள் குஞ்சு விலை குறைவு என்று வாங்கினால், முதல் வாரம் முழுக்க அதற்கு 32 முதல் 35 டிகிரி சூடு கொடுத்தாக வேண்டும். டிசம்பர் மாதத்து ஊட்டியில் ராத்திரி கரண்ட் போனால் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். முதல்முறை வளர்க்கிறவர்களுக்கு அந்தச் சோதனை வேண்டாம்.

சிறுவெடை நாட்டுக்கோழி மலைக்கு நன்றாகவே ஒத்துவரும். ஐதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய கிராமப்பிரியாவும் வனராஜாவும் புறக்கடைக்கு என்றே வந்த இனங்கள். ஆனால் வனராஜா உடல் கனத்தது, ஆபத்து வந்தால் சட்டென்று பறந்து தப்பாது. பண்ணையில் முட்டைக் காலம் முடிந்து கழித்துவிடும் வெள்ளைக் கோழிகளைச் சிலர் இரக்கப்பட்டு வாங்கி வருகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் அவை பிறந்ததிலிருந்து கம்பிக் கூண்டில் நின்றவை. மண்ணைச் சீய்க்கவோ கட்டையில் ஏறி அடையவோ தெரியாது, இறகும் உதிர்ந்திருக்கும். வாங்குவதென்றால் மார்ச், ஏப்ரலில் வாங்குங்கள். பனி மாதத்தில் வேண்டாம்.

எதுவானாலும் மூன்றுக்குக் குறையாமல் வாங்குங்கள். ஒற்றைக் கோழி இரை எடுக்காமல் ஏங்கிப்போகும்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கையில் பிடித்துப் பாருங்கள். கண் தெளிவாக, ஈரம் வடியாமல் இருக்கட்டும். மூக்குத் துவாரத்தில் சளி காய்ந்து ஒட்டியிருக்கக் கூடாது. மூச்சு விடும்போது கறகறவென்று சத்தம் கேட்டால் வைத்துவிட்டு வாருங்கள். பின்பக்க இறகில் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தால் கழிச்சல் என்று அர்த்தம். காலின் செதில்கள் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது. இறக்கைக்கு அடியிலும் வாலுக்குக் கீழும் இறகை விலக்கிப் பாருங்கள். செள்ளும் பேனும் அங்கேதான் ஒளிந்திருக்கும். தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். விற்கிறவர் தடுமாறினால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்டி உயரத்தில் இருப்பவர்கள் கொண்டையையும் கவனிப்பது நல்லது. உயர்ந்து நிற்கும் பெரிய கொண்டை உறைபனியில் நுனி கறுத்துப்போகலாம். சின்னதாக அமுங்கிய கொண்டைக்கு அந்தத் தொல்லை குறைவு.

மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து மேலே கொண்டுவரும்போது?

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரம். ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே. அடிவாரத்துப் புழுக்கத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிச் சில மணி நேரத்தில் குளிருக்குள் வந்து இறங்குகிறது கோழி. சாக்கில் கட்டாதீர்கள், காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். மூங்கில் கூடையோ, பக்கங்களில் துளை போட்ட அட்டைப் பெட்டியோ போதும். அடியில் வைக்கோல் போடுங்கள், மேலே துணி மூடுங்கள். இருட்டாக இருந்தால் கோழி படுத்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் வந்தால் எதிர்க்காற்று படாத பக்கமாகக் கூடையை வையுங்கள். கிளம்பும் முன் வயிறு முட்டத் தீனி போட வேண்டாம்.

சாயங்காலம் வந்து சேருகிற மாதிரி கிளம்புவது உத்தமம்.

வந்து இறங்கிய அன்று என்ன செய்ய வேண்டும்?

கூட்டுக்குள் விட்டுவிட்டுத் தள்ளிப்போக வேண்டும். கஷ்டமான வேலை இதுதான். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் எடுத்துக் கொஞ்சத்தான் ஆசைப்படுவார்கள். ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள்.

முதலில் தண்ணீர். பச்சைத் தண்ணீர் மலையில் ஐஸ் மாதிரி இருக்கும் என்பதால் கை பொறுக்கும் அளவுக்கு வெதுவெதுப்பாக்கி, ஒரு துண்டு வெல்லம் கரைத்து வையுங்கள். கூடையிலிருந்து எடுத்ததும் ஒவ்வொரு கோழியின் அலகையும் ஒருமுறை தண்ணீரில் தொட்டுவிட்டால், எங்கே தண்ணீர் இருக்கிறது என்று அது தெரிந்துகொள்ளும். அரை மணி கழித்து ஒரு கைப்பிடி கம்போ அரிசிக் குருணையோ போடுங்கள். விற்றவரிடம் அது என்ன தின்று வளர்ந்தது என்று கேட்டு வந்திருந்தால், முதல் நாலைந்து நாள் அதையே கொடுத்துவிட்டு மெல்ல மாற்றலாம்.

புதுக்கோழி முதல் சாயங்காலம் எப்படி நிற்கும் என்று தெரிந்திருந்தால் பதற மாட்டீர்கள். மூலையில் போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். கழுத்து நீண்டிருக்கும், இறகு உடம்போடு ஒட்டியிருக்கும். தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் கூரையைப் பார்க்கும், அப்புறம் மறு கண்ணால். தீனி காலடியிலேயே கிடந்தாலும் குனியாது. இது பயம், நோய் இல்லை. நோயுள்ள கோழி நேர்மாறாக நிற்கும்: கழுத்தை உள்ளே இழுத்து, இறகைச் சிலிர்த்துப் பந்தாகி, கண்ணை மூடிக்கொள்ளும். இந்த இரண்டு நிலையையும் பிரித்துப் பார்க்கத் தெரிவது முதல் மாதத்தில் மிகவும் உதவும்.

இருட்டிய பிறகு டார்ச்சோடு போய், தரையில் படுத்திருப்பவற்றை மெதுவாகத் தூக்கிக் கட்டையில் உட்கார வையுங்கள். இரண்டு மூன்று ராத்திரி செய்தால் தானாக ஏறக் கற்றுக்கொள்ளும். கட்டை இரண்டு அங்குல அகலத்தில், விளிம்பு மழுக்கியதாக இருக்கட்டும். அப்போதுதான் படுக்கும்போது வயிற்று இறகு கால் விரலை மூடும், குளிரில் விரல் விறைக்காது. ஒரு கோழிக்கு முக்கால் அடிக்குக் குறையாமல் இடம் விடுங்கள். முட்டையிடும் பெட்டியைவிடக் கட்டை உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டிக்குள்ளேயே படுத்து நாறடித்துவிடும்.

எத்தனை நாள் அடைத்து வைக்க வேண்டும்?

ஒரு வாரம். கம்பி வலை போட்ட முற்றம் கூட்டோடு சேர்ந்திருந்தால், இரண்டு நாள் கூட்டுக்குள், பிறகு முற்றம் வரை. முற்றம் இல்லையென்றால் பகலில் பஞ்சாரத்தைப் போட்டு மூடி வெயில் காட்டலாம், நீங்கள் பக்கத்தில் இருந்தால் மட்டும்.

கோழிக்கு வீடு என்பது அது ராத்திரி அடையும் இடம்தான். பகலில் எவ்வளவு பழக்கினாலும் பிரயோஜனம் இல்லை. ஒரே கட்டையில் தொடர்ந்து சில ராத்திரி அடைந்தால்தான் அந்த இடம் அதன் மனதில் பதியும். மூன்றாம் நாளே "பாவம், அடைந்து கிடக்கிறதே" என்று திறந்துவிட்டால், சாயங்காலம் தேயிலைச் செடிக்குள் தேடித் திரிய வேண்டியதுதான். இடுப்பளவு தேயிலைக்குள் பதுங்கிய கோழியைக் கண்டுபிடிப்பது லேசில்லை. உங்களுக்கு முன்னால் மரநாய் கண்டுபிடித்துவிடும்.

முதல்முறை திறப்பது கோழி அடையும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு, பசியோடு இருக்கும்போது. வெளிச்சம் குறைய ஆரம்பித்ததும் அவை கதவுப் பக்கம் வந்து போய்க்கொண்டிருக்கும். ஒன்று படியில் கால் வைக்கும், இறங்கும், மறுபடி வைக்கும். அவசரப்பட்டு விரட்டாதீர்கள். உள்ளே தட்டில் தானியத்தைப் போட்டு, தினமும் கூப்பிடும் அதே 'பா பா' குரலில் கூப்பிடுங்கள். ஒன்று ஏறினால் மற்றவை பின்னால் போகும். மறுநாள் இரண்டு மணி நேரம், அடுத்த நாள் அரை நாள் என்று நீட்டிக்கொண்டே போகலாம். மூடுபனி இறங்கிய நாளில் நாலு மணிக்கே இருட்டும், கோழியும் நேரம் தப்பிப்போகும். அன்றைக்குத் திறக்காமல் இருப்பதே நல்லது.

கூட்டுக்குள் போகாமல் மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. என்ன செய்ய?

இருட்டியதும் ஏணி போட்டு இறக்கிக் கூட்டில் விடுங்கள். மறுநாளிலிருந்து மறுபடி நாலு நாள் அடையுங்கள். திரும்பவும் போனால் கோழியைக் குறை சொல்லாமல் கூட்டைப் பாருங்கள். அம்மோனியா நெடி, செள், ஒழுகும் கூரை, பெருச்சாளி நடமாட்டம், இவற்றில் ஏதோ ஒன்று இருக்கும். செள்ளில் ஒரு வகை பகலில் கட்டையின் இடுக்கில் ஒளிந்து ராத்திரிதான் வெளியே வரும். வெள்ளைத் துணியால் ராத்திரி கட்டையின் அடியைத் துடைத்தால் சிவப்புப் புள்ளியாக ஒட்டும்.

வீட்டில் ஏற்கெனவே கோழிகள் இருக்கின்றன. புதியவற்றை எப்படிச் சேர்ப்பது?

நேராகச் சேர்க்கவே கூடாது. முதலில் மூன்று வாரம் தனிக் கூட்டில், முடிந்த அளவு தள்ளி வையுங்கள். பழைய கோழிக்குத் தண்ணீர், தீனி வைத்துவிட்டுக் கடைசியாகப் புதியவற்றிடம் போங்கள். பாத்திரம் தனி, செருப்பும் தனியாக இருந்தால் நல்லது. ராணிக்கெட் என்கிற வெள்ளைக் கழிச்சல் நோய் உள்ளே நுழைந்தால் வெளியே தெரிய இரண்டு வாரம் வரைகூட ஆகும். சந்தையில் துள்ளிக்கொண்டிருந்த கோழி பத்தாம் நாள் கழுத்து திருகி விழுந்ததைப் பார்த்தவர்கள் இந்த மூன்று வாரத்தைப் பற்றிக் கேள்வி கேட்பதில்லை.

மூன்று வாரம் நல்லபடியாகப் போனால், நடுவில் கம்பி வலை வைத்து ஒரு வாரம் பார்க்கட்டும், தொட வேண்டாம். பழையவை வலையோரம் வந்து மார்பை நிமிர்த்தும், இறக்கையை ஒருபக்கம் தாழ்த்தும், வலை வழியாகக் கொத்தப் பார்க்கும். நாலைந்து நாளில் சலித்துப்போய் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மேய ஆரம்பிக்கும். அதுதான் சேர்க்கும் நேரம். ராத்திரி கட்டையில் பழையவற்றுக்குப் பக்கத்தில் புதியவற்றை வைத்துவிட்டு, விடியும் முன் எழுந்து போங்கள். கதவைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட வேண்டும். இடம் விசாலமாக இருந்தால் சண்டை துரத்தலோடு முடியும்.

தீனித் தட்டும் தண்ணீரும் இரண்டிரண்டு இடத்தில் இருக்கட்டும், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி. ஒளிந்துகொள்ள ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள், இரண்டு பக்கமும் வழியோடு. முட்டுச்சந்தாக இருந்தால் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஒற்றையாக ஒரு கோழியைச் சேர்க்காமல் இரண்டு மூன்றாகச் சேர்த்தால் அடி பங்காகிவிடும்.

கொத்திக்கொள்கின்றன. எப்போது பிரிப்பது?

கோழிக் கூட்டத்தில் யார் முதலில் தின்பது, யார் எங்கே அடைவது என்று ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரர் தோர்லீஃப் ஷெல்டெரப்-எபே சின்ன வயதிலிருந்து கோழிகளைக் கவனித்து 1920களில் இதைப் பற்றி எழுதினார். புதுக்கோழி வந்தால் அந்த வரிசை கலைந்து மறுபடி அமைய வேண்டும், அதற்குத்தான் இந்தச் சண்டை. தலையில் ஒரு கொத்து, கொஞ்சம் துரத்தல், இரண்டு இறகு பறப்பது எல்லாம் சகஜம். விட்டுவிடுங்கள்.

ரத்தம் வந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். சிவப்பைக் கண்டால் மற்றவையும் வந்து அதே இடத்தில் கொத்தும். காயத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவித் தனியே வைத்து, ஆறிய பிறகு சேருங்கள். ஒரே கோழி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தால், அடிக்கிற கோழியை நாலு நாள் தனியே அடைத்துவிட்டுத் திரும்ப விடுங்கள். அது திரும்பும்போது அதுவே புதியது ஆகிவிடும், வீம்பு குறையும்.

குளிருக்குப் பல்பு போட வேண்டுமா? கணப்பு வைக்கலாமா?

வளர்ந்த கோழிக்கு இரண்டும் வேண்டாம். கோழியின் உடம்புச் சூடே ஏறக்குறைய 41 டிகிரி. இறகுக்குள் காற்றை அடைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துப் பூஜ்ஜியத்தை ஒட்டிய ராத்திரியைக்கூடத் தாங்கும், உடம்பு காய்ந்திருந்தால். நனைந்த கோழி 10 டிகிரியிலேயே விறைத்துப்போகும். மலையில் கோழியைக் கொல்வது குளிர் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை ஈரம்தான் கொல்கிறது.

குளிருக்குப் பயந்து தார்ப்பாயால் கூட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார்கள். காலையில் திறந்தால் கண் எரியும். எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர், மூச்சுக்காற்றிலும் ஈரம். அத்தனையும் வெளியேற வழியில்லாமல் கூரைத் தகரத்தில் முத்துமுத்தாகக் கோத்து, திரும்பக் கோழி மேலேயே சொட்டும். அங்கிருந்து சளி ஆரம்பிக்கும். செய்ய வேண்டியது இது: கோழி உட்காரும் உயரத்தில் காற்று நேராக அடிக்காமல் பலகை அடியுங்கள். அதன் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி, ஒரு சாண் அகலத்துக்கு வலை மட்டும் போட்டு எப்போதும் திறந்தே விடுங்கள். தகரத்துக்கு அடியில் பழைய பாயோ பிளைவுட்டோ கொடுத்தால் நீர் கோக்காது.

கரிக் கணப்பு கூடவே கூடாது. மூடிய அறையில் கரி மூட்டித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போன செய்தியை மலையில் குளிர்காலத்தில் படிக்கிறோம். பறவைகளுக்கு அந்தப் புகையைத் தாங்கும் சக்தி நம்மைவிடவும் குறைவு. பல்பைப் பொறுத்தவரை தரையில் பரப்பிய கூளம் தீப்பிடிக்கும் அபாயம் இருக்கிறது, அந்தச் சூட்டுக்குப் பழகிய கோழிக்குக் கரண்ட் போனால் தாளாது.

தரையில் என்ன போடுவது?

மரச் சுருள் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. நைஸ் தூள் வேண்டாம், மூக்கில் ஏறும். நெல் உமி கீழேயிருந்து வரும் லாரிக்காரர்களிடம் சொல்லிவைத்தால் கிடைக்கும். தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் சருகு காசில்லாமல் கிடைக்கிறது. நன்றாகக் காய்ந்ததாக மட்டும் இருக்கட்டும், ஈரச் சருகில் பூஞ்சை பிடிக்கும். நாலு அங்குலக் கனம் போட்டு, தினமும் கிளறிவிடுங்கள். கையில் பிடித்து அழுத்தினால் உதிர வேண்டும். கட்டியாக நின்றால் அந்த இடத்தை மாற்றுங்கள்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பர் வடகிழக்கு மழை. உங்கள் பக்கம் எந்த மழை அதிகமோ அது தொடங்கும் முன்னரே கூளத்தைச் சேர்த்துவைக்க வேண்டும். முடிந்தால் அந்த மாதங்களில் புதுக்கோழி வாங்குவதையே தள்ளிப்போடுங்கள்.

சரியாகத் தின்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கோழி அடைந்த பிறகு கழுத்துக்குக் கீழே, மார்பின் வலப்பக்கம் விரலால் தொட்டுப் பாருங்கள். அங்கிருக்கும் தீனிப்பை எலுமிச்சம்பழ அளவுக்காவது புடைத்து, உள்ளே தானியம் நெருடினால் நன்றாகத் தின்றிருக்கிறது. காலையில் அதே இடம் வெறுமையாக இருக்க வேண்டும். காலையிலும் கல் மாதிரி இருந்தால் அடைப்பு, மருத்துவரிடம் காட்டுங்கள். முட்டையிடும் கோழி நாளுக்கு ஏறக்குறைய 100 கிராம் தின்னும், அதைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும்.

தோட்டத்துக் காய், இலை எல்லாம் போடலாமா?

கேரட் தழை, முட்டைகோஸ் மேல் இலை எல்லாம் விரும்பித் தின்னும், மருந்து அடிக்காததாக இருந்தால். வாங்கிய காய்கறிக் கழிவென்றால் எனக்குத் தயக்கம்தான். பக்கத்துத் தேயிலைக்கோ காய்கறிக்கோ மருந்து அடிக்கும் நாளில் கோழியை அடைத்து வையுங்கள்.

பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) மட்டும் கூடாது. பழமோ தோலோ கொட்டையோ இலையோ எதுவும். அதிலிருக்கும் பெர்சின் என்ற பொருள் பறவையின் இதயத்தைத் தாக்கும். வீட்டில் அந்த மரம் நின்றால், உதிரும் பழத்தைக் காலையிலேயே பொறுக்கிவிட்டுத்தான் கோழியைத் திறக்க வேண்டும். பச்சை ஏறிய உருளைக்கிழங்கும் அதன் தோலும், வேகாத பீன்ஸ் கொட்டையும் ஆகாது. வேலியில் உண்ணிச்செடியும் ஊமத்தையும் இருந்தால் வெட்டிவிடுங்கள்.

முட்டையை நிறுத்திவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. இடம் மாறினால் இரண்டு மூன்று வாரம் நின்றுபோகும். இறகு உதிர்க்கும் பருவமாக இருந்தால் இரண்டு மாதம்கூட ஆகலாம். நம் மலையில் பகல் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 11½ முதல் 12¾ மணி நேரத்துக்குள்ளேயே இருப்பதால், குளிர்நாட்டில் நடப்பதுபோல வெளிச்சக் குறைவால் ஒரேயடியாக நின்றுவிடுவதில்லை. பெட்டியை இருட்டான மூலையில் வைத்து, உள்ளே ஒரு பிளாஸ்டிக் முட்டையோ வெள்ளைக் கூழாங்கல்லோ போடுங்கள். தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் தூள் வையுங்கள்.

மரநாய், கீரி, சிறுத்தை?

மரநாயும் கீரியும் ஓட்டை தேடி வருபவை. ஆறுகோண ஓட்டையுள்ள மெல்லிய கோழி வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், மரநாய் உள்ளே வராமல் தடுக்காது. அரை அங்குல ஓட்டையுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) போடுங்கள். அடியில் ஒரு அடி ஆழம் புதைக்க வேண்டும், பாறையாக இருந்தால் வெளிப்பக்கம் இரண்டடி தரையில் மடக்கிக் கல் வையுங்கள். கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை மறக்காதீர்கள். கொக்கித் தாழ் போதாது, அதன் மேல் ஒரு பூட்டோ முறுக்குக் கம்பியோ வேண்டும்.

சிறுத்தைக்கும் கரடிக்கும் வலை ஈடுகொடுக்காது. கூட்டை வேலியோரம் வைக்காமல் வீட்டுச் சுவரை ஒட்டிக் கட்டுங்கள், சுற்றியுள்ள புதரை வெட்டுங்கள். தீவன மூட்டையை வீட்டுக்குள் வையுங்கள். கரடியை இழுப்பது பெரும்பாலும் கோழி இல்லை, தீவனமும் எண்ணெயும்தான். செத்த கோழியைப் பள்ளத்தில் வீசாமல் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். சுருக்குக் கம்பி, மின்சாரம் வைப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், மனிதருக்கும் ஆபத்து. நடமாட்டம் தெரிந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

காட்டுக்கோழி வந்து நம் கோழியோடு மேய்கிறது. பரவாயில்லையா?

தேயிலையோரம் சாம்பல் நிறக் காட்டுச்சேவல் வந்து நிற்பது அழகான காட்சி. நாட்டுக்கோழியின் மஞ்சள் கால் நிறத்துக்கான மரபணு இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததென்று 2008இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள், ஆக இது நம் கோழிக்குச் சொந்தக்காரன்தான். ஆனாலும் நோய் இரண்டு பக்கமும் தாவும். தீனியைக் கூட்டுக்குள்ளேயே வையுங்கள், வெளியே இறைக்காதீர்கள். அதைப் பிடிப்பது சட்டப்படி குற்றம்.

தடுப்பூசி எப்போது?

பயணக் களைப்போடு போட வேண்டாம். ஒரு வாரம் தேறட்டும், பிறகு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். வெள்ளைக் கழிச்சலுக்கு 8 வார வயதுக்கு மேல் இறக்கையில் ஊசி போடுவார்கள். பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். மஞ்சளும் சின்ன வெங்காயமும் கொடுப்பது நல்லதுதான், ஆனால் ஊசிக்கு அது ஈடாகாது. எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் ஒரே நேரத்தில் பல கோழி செத்தாலும் உடனே சொல்ல வேண்டும். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் இருக்கும் சமயத்தில் எல்லை தாண்டிக் கோழி வாங்காதீர்கள்.

சேவல் வேண்டுமா?

முட்டைக்கு வேண்டாம், குஞ்சுக்கு வேண்டும். தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் வரிசையாக ஒட்டி இருப்பவர்கள் பக்கத்து வீட்டாரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வாங்கிய இரண்டாம் வாரம் ஊரில் விசேஷம். யாரிடம் விட்டுப்போவது?

தேதி தெரிந்திருந்தால் வாங்குவதையே விசேஷத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியாயிற்று என்றால் கோழியை இன்னொரு வீட்டுக்குத் தூக்கிப் போகாதீர்கள், பழகியதெல்லாம் வீணாகும். பக்கத்து வீட்டு அக்காவிடமோ பாட்டியிடமோ சாவியைக் கொடுங்கள். திறந்துவிடவே வேண்டாம், காலையும் மாலையும் தண்ணீரும் தீனியும் மட்டும் வைத்தால் போதும் என்று சொல்லுங்கள். கிளம்பும் முன் ஒருமுறை அவரையே கையால் தீனி போடச் சொல்லி, அந்த 'பா பா' குரலையும் பழக்கிவிட்டுப் போங்கள்.